பாதித் திண்ணை

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜியாவது மிஞ்சும். பழைய வீடு பார்க்கப் போனால் தும்மல்தான் மிஞ்சும்!

ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் கும்பகோணத்துத் தெருக்களில் தும்மிக்கொண்டிருக்கிறேன். காரணம், அப்பா. முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தா உத்தியோகம், அத்தனை வருஷமும் வாடகை வீடு. "அடுக்குமாடியெல்லாம் வேணாம்டா. சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை இருந்தா போதும்" என்றார். அதிகம் கேட்கிறவர் இல்லை. அதனாலேயே தட்ட முடியவில்லை.

முதல் வீடு. வாசலில் வழுவழுவென்று திண்ணை, தேக்குத் தூண், செதுக்கிய நிலை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ரேழியைத் தாண்டினால்... பகல் பதினொரு மணிக்குக் கும்மிருட்டு! தரகர் டியூப்லைட்டைப் போட்டார். முற்றத்தின் மேல் ஆஸ்பெஸ்டாஸ்! துளசி மாடம் இருந்த இடத்தில் மோட்டார் பைக்.

முற்றம் என்பது வீட்டின் மூக்கு சார். கூடத்துச் சூடு அது வழியாக மேலே போகும், வாசல் காற்று உள்ளே வரும். மூக்கைப் பொத்திவிட்டு ஏ.சி. போட்டிருக்கிறார்கள்!

இரண்டாவது வீட்டில் பளபளவென்று பிளைவுட் சீலிங். "மேல என்ன இருக்கு?" என்றேன்.

"மெட்ராஸ் டெரஸ் சார்! அந்தக் காலத்து வேலை!"

மர உத்திரம், அதன்மேல் சன்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிடித்த தளம். அருமையான விஷயம்தான். குடை முனையால் ஒரு பலகையை லேசாகத் தள்ளினேன். தலையில் மாவு கொட்டியது. உத்திரம் முழுக்கக் கரையான்! சுவரிலோ, சுண்ணாம்புக்கு மேல் சிமென்ட் பூச்சு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து அப்பளமாக உரிந்துகொண்டிருந்தது.

"கரையானா? அது பழமை சார்!" என்றார் தரகர், கொஞ்சமும் அசராமல்.

மூன்றாவது வீட்டில்தான் எனக்குப் பேச்சே வரவில்லை.

கூடத்துக்கு நடுவே ஒரு சுவர். முற்றத்தில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நான்கு தூணில் இரண்டுதான் நமக்கு. வாசல் திண்ணைக்கு நடுவிலும் ஒரு தடுப்பு. விலைக்கு வந்திருப்பது இந்தப் பாதி மட்டும். கிணறு அண்ணன் பாகத்தில் போய்விட்டதாம். இந்தப் பக்கம் ராட்டினம் மட்டும் தொங்குகிறது.

"இவங்க அப்பா காரியம் முடிஞ்ச மறுவாரமே கொத்தனார் வந்துட்டான் தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மாள். "பெரியவன் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேக்கும். மூஞ்சியப் பாத்து வருஷமாச்சு."

நான் பி.காம். வில்லங்கச் சான்றிதழைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் அது பதிவான வில்லங்கத்தை மட்டும்தான் காட்டும். பதிவாகாதது, சுவராக உள்ளேயே குடியிருக்கும்!

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க உண்டா தம்பி?"

"ஒரு அண்ணன்... பெங்களூர்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். அப்பாவின் பி.எஃப். பணத்தை ஒட்டி ஒரு வார்த்தை தடித்து, எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "திண்ணை இருந்துதாடா?"

"இருந்துது... பாதி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பாதித் திண்ணையில ஒருத்தன் உட்காரலாம். பேசறதுக்கு இன்னொருத்தன் வேணாமாடா?"

அன்று ராத்திரி பெங்களூருக்கு போன் போட்டேன். மறுமுனையில் அண்ணன் "யாரு?" என்று கேட்கவில்லை. "சொல்லுடா" என்றான். வீடு, ஆஸ்பெஸ்டாஸ், கரையான், சுவர் எல்லாவற்றையும் சொன்னேன். பி.எஃப். பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

கடைசியில், "வர்ற ஞாயிறு நானும் வரேன். எதையும் முடிச்சுடாதே" என்றான்.

இனி தும்முவதற்கு இரண்டு பேர்!