பூட்டும் ஸனதும்

கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினால் மட்டும் போதாது. அது உரியவர் கையிலேயே சேர வேண்டும். இணையதளத்தோடு நாம் கொள்ளும் தொடர்புக்கும் இவ்விரண்டும் இன்றியமையாதவை. முன்னது மறைப்பு, பின்னது சான்று.

மறையெழுத்துக் கலை அரபு மொழிக்குப் புதியதன்று. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பகுதாதில் வாழ்ந்த அல்கிந்தீ, மறையெழுத்தை விடுவிக்கும் வழியைத் தனி நூலாகவே எழுதினார். எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணிப் பார்த்தால் மறைவு விலகும் என்பது அவர் கண்ட நுட்பம். ஆங்கிலத்தில் மறையெழுத்தைக் குறிக்கும் 'சைஃபர்' என்பதும், சுழியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே.

எனினும் நெடுங்காலம் தீராத இடர் ஒன்றிருந்தது. பூட்டுபவரும் திறப்பவரும் ஒரே சாவியை முன்னரே பகிர்ந்திருக்க வேண்டும். முன்பின் அறியாத இருவர், எல்லாரும் கேட்கும் சந்தையில் நின்றபடி இரகசியச் சாவியொன்றை உண்டாக்கிக்கொள்வது எங்ஙனம்? 1976-இல் அமெரிக்காவின் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் இதற்குக் கணித வழியொன்றை வெளியிட்டனர். தளத்தின் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கும்போது இன்று நடைபெறுவது அதன் வழிவந்த முறையே.

சாவியைப் பகிர்ந்தது யாரோடு? வங்கியோடா, வங்கி வேடமிட்டு நடுவில் நிற்பவனோடா? இங்கேதான் சான்றிதழ் வேண்டப்படுகிறது. ஓதி முடித்த மாணவருக்கு உஸ்தாத் ஸனது வழங்குகிறார். அவருக்கு அவருடைய உஸ்தாத் வழங்கியிருக்கிறார். அவ்வாறே தளத்தின் சான்றிதழுக்கு ஒரு நிறுவனம் ஒப்பமிடுகிறது. அதற்கு மேலுள்ளது அதற்கு ஒப்பமிடுகிறது. இறுதியில் நிற்கும் மூல நிறுவனங்களின் பட்டியல் நம் கைப்பேசியிலேயே உள்ளது. சங்கிலி அறுந்திருந்தால் உலாவி எச்சரிக்கும்.

அறிவிப்பாளர் ஒருவர் பழுதுபட்டால் அவர் வழிவந்த செய்தி வலுவிழக்குமன்றோ? 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துள் ஊடுருவியோர் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உண்டாக்கினர். கூகுளின் பெயரிலிருந்த ஒன்று, ஈரானியர் பலரின் மின்னஞ்சலை ஒற்றறியப் பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அது திவாலாயிற்று.

அண்மையில் நம் மாணவரின் தாயார் ஒருவர் கைப்பேசியைக் காட்டி, "ஹஜ்ரத், பூட்டுப் படம் இருக்கிறதே, உம்ராவுக்கு முன்பணம் கட்டலாமா?" என்று கேட்டார். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். பலரும் அறிந்த ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. பணத்தைக் கட்ட வேண்டாமென்றோம்.

பூட்டு பொய் சொல்லவில்லை. 'இப்பெயருடைய தளத்தோடுதான் பேசுகிறீர். இடையில் ஒட்டுக்கேட்பார் இல்லை' என்பதே அதன் சாட்சியம். பெயருக்குரியவர் நாணயமானவரா என்பது அதற்குத் தெரியாது. சான்றிதழ்கள் இலவசமாகவே கிடைக்கும் இக்காலத்தில் வஞ்சகனும் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். மக்கள் இதைத் தவறாகவே விளங்கிக்கொள்வதால், 2023-இல் குரோம் உலாவி அப்படத்தையே மாற்றிவிட்டது.

ஆகவே எச்சரிக்கை தோன்றினால் மேற்செல்லாதீர்கள். பிறர் அனுப்பிய இணைப்பின் வழியே பணம் கட்டாதீர்கள். முகவரியை முழுமையாகப் படியுங்கள். வழியைக் காப்பது கணிதம்; வாசலில் நிற்பவர் யாரென ஆராய்வது நம் பொறுப்பு.