காருக்கு நாடி பார்த்த கதை

12.6. இந்த எண்ணை ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வரும்.

கார் பேட்டரியை நாம் எல்லோரும் 12 வோல்ட் பேட்டரி என்றுதான் சொல்கிறோம். ஆனால் நிஜமாகவே 12-க்கு வந்துவிட்டால் அது ஏறக்குறைய காலி. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறி, சும்மா நிற்கும் பேட்டரி 12.6 காட்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசி. அதற்கும் கீழே போனால் சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். முழுசுக்கும் கால்வாசிக்கும் நடுவே இருப்பது அரை வோல்ட் சொச்சம்! 1859-ல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த அதே ஈயத்தட்டும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் நம் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்கல் பசங்க கோபித்துக்கொள்ள வேண்டாம், இதற்கு மேல் உங்கள் பாடத்தில் கை வைக்க மாட்டேன் :-)

சரி, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை?

கார் விருதுநகரில் நிற்கிறது. நான் கோவை ஹாஸ்டலில். அப்பா வளைகுடாவில். வீட்டில் அம்மாவும் பாட்டியும் மட்டும். காரை ஓட்டுவது அம்மா, அதுவும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மட்டும்தான். மற்றபடி பத்து நாள், பதினைந்து நாள் ஷெட்டிலேயே கிடக்கும். 2024 மார்ச்சில் ஒரு ராத்திரி பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தது. அம்மா சாவியைத் திருப்பினார், மேலே சொன்ன சத்தம் வந்தது. 108-க்கு அடித்தார், வந்தார்கள், பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் பேட்டரி கடைக்காரர் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆயுசு முடிஞ்சிருச்சும்மா" என்றார். புதுசு போட்டாயிற்று, நாலாயிரத்துச் சொச்சம். ஜூனில் அந்தப் புதுசும் படுத்துவிட்டது. கடைக்காரர் இந்த முறை, "தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்றார்.

இந்த அஞ்சு நிமிஷ வைத்தியத்தை நான் நம்புவதில்லை. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே கொஞ்சம். ஸ்டார்ட் செய்ததில் போனதை அது திருப்பித் தரலாம். ஆனால் பேட்டரி பாதி இறங்கியிருந்தால் அந்தப் பாதியை அஞ்சு நிமிஷத்தில் ஏற்றுவது நடக்காத காரியம். அதைவிட முக்கியம், புதுப் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று யாருமே கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அங்கே ஆள் நின்று தினமும் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். அம்மாவைப் பானெட் திறக்கச் சொல்வதா? வீட்டில் வைஃபை இருக்கிறதே, அதைச் சொல்லச் சொன்னால் என்ன?

வேண்டியவை குறைவுதான். ஈஎஸ்பி 8266 சிப் போட்ட நோட் எம்சியு போர்டு ஒன்று, ரெசிஸ்டர் இரண்டு, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சின்ன மாட்யூல் ஒன்று, ஃப்யூஸ் ஒன்று. போர்டின் அனலாக் காலுக்கு 3 வோல்ட் சொச்சத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.4 வரை ஏறும். அதனால் 100 கிலோ ஓம், 22 கிலோ ஓம் இரண்டையும் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து எடுக்க வேண்டும். காகிதக் கணக்கில் 12.6 வோல்ட் 2.27 ஆக இறங்கும். ஆனால் போர்டுக்குள்ளேயே 220, 100 என்று இன்னொரு ஜோடி ரெசிஸ்டர் ஒளிந்திருக்கிறது. அது நம் 22-க்கு இணையாக வந்து சேர்ந்துகொள்வதால் காலில் வருவது 2.15 அளவுதான். காகிதத்தை நம்பாமல், பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்து, அது காட்டுவதையே நிரலும் காட்டும்படி பெருக்கெண்ணைத் திருத்திக்கொள்வது உத்தமம். பத்து பிட் அளவி என்பதால் ஒரு படி ஏறக்குறைய 0.02 வோல்ட். இருபது முறை அளந்து சராசரி எடுத்தால் நமக்குப் போதும். வைஃபை ரேடியோவை எழுப்புவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும், ரேடியோ ஓடினால் எண் ஆடும்.

ஃப்யூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இதில் சமரசம் வேண்டாம். அந்தப் பெட்டியால் சில நூறு ஆம்பியர் கொடுக்க முடியும். உங்கள் மெல்லிய வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் பற்றி எரியும்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். நாடி பார்க்கும் வைத்தியரே ரத்தம் குடித்தால்?

இந்தச் சிப் வைஃபையோடு விழித்திருந்தால் சராசரியாக 75 மில்லி ஆம்பியர் இழுக்கும், 3.3 வோல்ட்டில். மாட்யூலின் நஷ்டத்தையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 24 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கச் சின்னதாக இருக்கிறதா? ஒரு நாளைக்கு 0.58 ஆம்பியர் அவர். ஒரு மாதத்துக்கு 17. எங்கள் பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான். பேட்டரி இறங்குகிறதா என்று காவல் காக்கப் போன சாமான் மாதத்துக்குப் பாதிப் பேட்டரியைத் தின்றிருக்கும். வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான்.

ஆகவே தூங்கவைக்க வேண்டும். ஆழ்தூக்கத்தில் அந்தச் சிப்புக்கு 20 மைக்ரோ ஆம்பியர் போதும். மணிக்கு ஒரு தடவை எழுந்து, அளந்து, அனுப்பி, ஐந்தாறு விநாடியில் மறுபடி தூங்கினால் சராசரி ஒன்றுமே இல்லை. (தானாக எழுவதற்கு டி0 காலை ரீசெட் காலோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கும்பகர்ணன்தான்.) ஆனால் சிப் தூங்கினாலும் சுற்றியிருக்கிறவர்கள் தூங்குவதில்லை. கடையில் எல்லோரும் எடுத்துக் கொடுக்கும் எல்எம் 2596 மாட்யூல் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் கேட்கும். மாதத்துக்கு 3.6 ஆம்பியர் அவர், பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு! அதனால் ஓய்வில் மிகக் குறைவாக இழுக்கும் மாட்யூலாகத் தேடிப் போட்டேன். போர்டில் இருக்கும் யூஎஸ்பி சிப்பும் ரெகுலேட்டரும்கூட இப்படித்தான், அவற்றையும் விலக்கியபின் மொத்தம் 1 மில்லி ஆம்பியருக்குள் வந்தது. மாதத்துக்கு முக்கால் ஆம்பியர் அவர்கூட இல்லை.

தனியாக ஒரு லித்தியம் செல் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று ரூம்மேட் கேட்டான். விருதுநகர் சித்திரை வெயிலில் கதவு மூடிய காருக்குள் லித்தியம் செல்லை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 15 லீவுக்குப் போனபோது மாட்டினேன். பானெட்டுக்குள் வைத்தால் இரும்பு மூடி அலையைத் தடுக்கிறது, சிக்னல் மைனஸ் 85. டாஷ்போர்டுக்கு அடியில் வைத்தால் கண்ணாடி வழியாகத் தப்பித்து மைனஸ் 72. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். வீட்டில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை எண்ணை வாங்கி எனக்கு டெலிகிராமில் அனுப்பும். வெளியிலிருந்து வீட்டு ரவுட்டருக்குள் நுழைய எந்த வாசலும் திறக்கவில்லை, செய்தி உள்ளிருந்து வெளியே மட்டும் போகிறது. இடையில் பேசும் மொழி எம்க்யூடிடி. 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கச் செய்தது அது. குறைவாகப் பேசு, பேசியதும் போய்விடு என்பதுதான் அதன் குணம். எங்கள் ஷெட்டுக்கும் அதுதான் தேவை.

எண்கள் வர ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. வோல்டேஜ் பகலில் பொய் சொல்லும். அம்மா கடைத்தெரு போய்வந்த நாளில் சாயங்காலம் 12.9 காட்டும். அது தட்டுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், சில மணி நேரத்தில் கரைந்துவிடும். கதவைத் திறந்து விளக்கு எரிந்தால் உடனே கொஞ்சம் இறங்கும். அதனால் விடியற்காலை 4 மணி எண்ணை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்தேன். அந்த நேரத்தில் எல்லாம் அடங்கியிருக்கும்.

கார் அசையாத ஒரு வாரம் கிடைத்தது. 4 மணி எண்கள் 12.62-ல் ஆரம்பித்து ஏழு நாளில் 12.20. நாளுக்கு 0.06, தப்பாமல், படிக்கட்டு மாதிரி. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி இப்படி ஒழுங்காக இறங்குமா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. யாரோ தினமும் ஒரே அளவு குடிக்கிறார்கள்! கணக்குப் போட்டால் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் வருகிறது. நிறுத்திய காரில் 50-க்குள் இருப்பதுதான் வழக்கம்.

தீபாவளி லீவில் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து, அரை மணி நேரம் காத்திருந்தேன் (நீங்கள் செய்தால் அந்த நேரத்தில் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் போய்விடும்). 110. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பாட்டுப்பெட்டி ஃப்யூஸைப் பிடுங்கியதும் 20-க்கு விழுந்தது. பின்னால் பார்த்தால், மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மஞ்சள் எப்போதும் மின்சாரத்தில் இருக்க வேண்டியது, நேரமும் ஸ்டேஷனும் ஞாபகம் வைக்க. சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டியது. மாட்டிய கடையில் யாரோ அவசரத்தில் இரண்டையும் நேரடியாகக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி அணைந்த மாதிரி நடித்துக்கொண்டு உள்ளே விழித்திருந்திருக்கிறது. முதல் பேட்டரியும் இதனால்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கிக் கிடந்தால் தட்டில் ஈய சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

சிவப்பைப் பிரித்துச் சாவி வயரில் கொடுத்தேன். இப்போது அதே 0.4 வோல்ட் இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. 12.4-க்கு வந்தால் அம்மாவின் போனுக்கும் செய்தி போகும், அருப்புக்கோட்டை ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவார். பாட்டிக்கு இதில் ஏக ஆர்வம். "இன்னிக்கு வண்டிக்குப் பிரஷர் எவ்வளவுடா?" என்று போனில் கேட்கிறார்.

ஒரே தொல்லை, கரன்ட் போனால் ரவுட்டரும் போய்விடும், செய்தி வராது. எண் குறைந்த நாளைவிட எண் வராத நாளில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியபின் பரவாயில்லை.

இன்னொன்று பாக்கி. வோல்டேஜ் நன்றாக இருந்தும் பேட்டரி கிழடாகியிருக்கலாம். அது ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு விநாடியில்தான் தெரியும், 9.6-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம். மணிக்கு ஒரு தடவை எழுகிற சிப் அதைப் பிடிக்காது. கதவு திறந்தால் உள்விளக்கு எரிகிறதல்லவா, அந்த வயரிலிருந்து ரீசெட்டைத் தட்டி, ஒரு நிமிஷம் விழித்திருக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை. பொங்கல் லீவில் செய்து பார்க்க வேண்டும். ஆப்டோகப்ளர் யாரிடமாவது லேபில் உபரியாக இருந்தால் சொல்லுங்கள்.