களிமண்மேல் நின்ற கோட்டை

இத்தாலி தேசத்துக்குப் பிரயாணம் செய்வோர் ரோமாபுரியையும் வெனிஸ் நகரையும் கண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாமோ தெற்கே பஸிலிகாட்டா மாகாணத்துக்குச் சென்று, மத்தேரா நகரிலிருந்து மோட்டாரில் க்ராகோ என்னும் பாழூரைக் காணப் புறப்பட்டோம்.

அறுவடை முடிந்த கோதுமை வயல்களைத் தாண்டியதும் பூமியின் முகமே மாறிவிட்டது. மழைநீர் களிமண்ணை அறுத்து அறுத்து, கத்திமுனை போன்ற மேடுகளும் ஆழ்ந்த பள்ளங்களுமாக ஆக்கியிருக்கிறது. அவற்றின் சரிவுகளில் புல் பூண்டு முளைப்பதும் அரிது. அந்நாட்டார் இவற்றைக் 'கலாங்கி' என்பர். இச்சாம்பல் நிற வெளிக்கு மேலே, சுமார் 400 மீட்டர் உயரத்தில், குன்றோடு குன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது ஊர். உச்சியில் நார்மானியர் காலத்துச் சதுரக் கோபுரம். பகைவர் எத்திசையில் வந்தாலும் அங்கிருந்து காணலாம்.

வழிகாட்டியின் துணையோடு, தலைக்கவசம் அணிந்துதான் உள்ளே செல்லவேண்டும். கதவில்லாத வாயில்கள், கூரையில்லாத அறைகள், அடுப்பிருந்த இடத்தில் அத்திச்செடி. 1892 முதல் 1922 வரை வறுமையால் 1300 பேருக்கு மேல் இவ்வூரை விட்டு அமெரிக்கா சென்றார்கள். எஞ்சியவர்களை 1963-ஆம் வருஷத்து மண்சரிவு வெளியேற்றியது. அரசாங்கம் அவர்களைப் பள்ளத்தாக்கில் குடியேற்றியது. 1972-ல் வெள்ளமும் 1980-ல் பூகம்பமும் வந்து ஊரை முற்றிலும் வெறுமையாக்கின.

"குன்றின் அடியில் களிமண் இருப்பது முன்னோர்க்குத் தெரியாதா?" என்று வினவினோம்.

வழிகாட்டி சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "என் பாட்டி இந்தப் படிகளில் குடம் சுமந்து ஏறியவள். குழாயில் நீர் வந்த அன்று மகிழ்ச்சியால் அழுதாளாம். குழாயும் சாக்கடையும் அமைத்த வேலைகளே மண்ணை நெகிழச் செய்தன என்கிறார்கள்" என்றார்.

நாம் அண்ணாந்து பார்த்தோம். வெளிப்பகைக்கு அஞ்சிக் கட்டிய கோபுரம் இன்றும் அசையாமல் நிற்கிறது. ஊரை வீழ்த்திய பகையோ காலடியிலிருந்து வந்தது.

அப்பாட்டிக்குக் குழாய் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நமக்கு வரவில்லை. குடம் சுமப்போரின் துயரைத் தீர்ப்பது தர்மம்தான். ஆனால் நீரைக் கொண்டுவருகிறவர், அது வடியும் வழியையும் அதைத் தாங்கும் மண்ணையும் முதலில் அறிந்துகொள்வதும் அந்தத் தர்மத்தில் சேர்ந்ததே. இதை எண்ணியவாறே, அந்தி வெளிச்சத்தில் செம்மை பூத்த கலாங்கிகளைக் கடந்து திரும்பினோம்.