யாம் மிக்ஸர் வாங்கிய வரலாறு

இக்கட்டுரையில் யாம் கூறப்புகுவது பெரும்பாலும் எம் அறியாமையின் வரலாறே. பாலாற்றங்கரையை அடுத்த வாலாஜாபாத்தில் நண்பர் நால்வராய்க் கூடி, ஆண்டுக்கொருமுறை சிறு இசையரங்கு நடத்தி வருகின்றோம். பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் ஆகிய இவையே எம் செல்வம். கைப்பொருளோ மிகச் சிறிது.

சென்ற ஆண்டு, ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுத்துச் சலித்து, மைக்குகளின் ஒலியை ஒன்றுசேர்த்து அளவுபடுத்தும் மிக்ஸர் ஒன்றை விலைக்கே வாங்கினோம். பெட்டியின்மேல் எட்டு என்றிருந்தது. எட்டு மைக்குகள் கொள்ளும் என்று மகிழ்ந்தோம். வீட்டில் திறந்தபின்னரே, மைக்குகளுக்கு இரண்டே இடம் என்பதும், எஞ்சியவை பாட்டுப்பெட்டி போன்றவற்றை இணைக்கும் துளைகள் என்பதும் புலனாயின. படித்தவர் என்னும் பெயர் எமக்குண்டு. பெட்டியின் பின்புறத்தை மட்டும் படித்திலேம்.

அரங்கன்று ஒரு மைக்கைப் பாடுவோர்க்கும், மற்றொன்றை வீணைக்கும் வயலினுக்கும் நடுவிலும் வைத்தோம். வயலின் கேட்டது, வீணை கேட்கவில்லை. குமிழைத் திருகத் திருக, ஸ்பீக்கரின் ஒலியையே மைக் மீண்டும் பற்றி, மண்டபமெங்கும் ஊளையிட்டது. வீணை வாசித்தவர் எம்மூர் முதியவர். பகலெல்லாம் தறியில் உழைக்கும் கைகள் அவருடையவை. மூன்றாம் பாட்டின் நடுவே வீணையை மெல்லக் கீழே வைத்தார். "தம்பிகளா, அடுத்த வருஷம் வேறு யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள்" என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே எம்மைச் சுட்டது.

பின்னரே கணக்கிட்டோம். பாட்டு, வயலின், வீணை மூன்றுக்கும் ஒவ்வொன்று. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் ஒவ்வொன்று. ஆக ஐந்து மைக்குகள். யமஹா எம்.ஜி.12 ஆறு மைக்குகளை ஏற்கும்; எம்.ஜி.10 நான்கையே ஏற்கும், ஆயினும் விலை குறைவு. எதை வாங்குவது என்று எமக்குள் பெருவழக்கு எழுந்தது. சிறு மண்டபத்தில் மிருதங்கம் தானே முழங்கவல்லது. அதற்கு ஒரு மைக்கே மிகை என்பது எம் துணிபு. (மிருதங்க நண்பர் இவ்வரியைப் படியாதிருப்பாராக.) செயற்கை எதிரொலியும் கணினி இணைப்பும் உடைய 'எக்ஸ்.யு.' வகையும் உண்டு. மைக்கின் தொகை அதிலும் நான்கே. ஆதலின் வெறும் எம்.ஜி.10 ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, மிஞ்சிய பணத்தை வீணைக்கென ஒரு கண்டென்சர் மைக்கில் இட்டோம். நுண்ணொலியை நன்கு பற்றும் அவ்வகை மைக்குக்கு மிக்ஸரிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் செல்லவேண்டும். அவ்வசதியற்ற மலிவுப் பெட்டிகளும் கடைகளில் உள. முன்புற ஒலியை மிகுதியாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் பற்றும் மைக்கையே தேர்ந்தோம். ஸ்பீக்கர் அதன் முதுகுப்புறம் நிற்குமாறு வைத்தபின் ஊளை பெரிதும் அடங்கிற்று. இதற்குச் செலவு ஏதுமில்லை.

சென்ற மாதம் அனைத்தையும் சுமந்துகொண்டு பெரியவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றோம். வீணைக் குடத்திற்கு ஒரு சாண் தொலைவில் மைக்கை நிறுத்தினோம். அவர் ஒரு கமகம் இழுத்து, ஸ்பீக்கரை நோக்கிச் செவி சாய்த்தார்.

"இன்னும் கொஞ்சம் குறையுங்கள்" என்றார்.

குறைத்தோம். மீண்டும் வாசித்தார். அரங்கிற்கு வருவதாக இன்னும் சொல்லவில்லை.