குஞ்சுகளுடன் ஒரு மலைப் பிரயாணம்

உதகமண்டலம் வெய்யிலுக்குப் பயந்தவர்களால் பிரசித்தி பெற்ற ஊர். சென்னை மாகாணத்துத் துரைமார்கள் ஒரு காலத்தில் கோடை பிறந்ததும் தஸ்தாவேஜுக் கட்டுகளோடு இங்கே ஏறிவிடுவார்கள். குளிரே ஆகாத ஜீவன்களும் இந்த மலைக்குப் பிரயாணம் செய்வதுண்டு என்பதை 2023-ஆம் வருஷ டிசம்பரில்தான் அறிந்தோம்.

மலை ரயிலில் இடம் கிடைக்காமல் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினோம். பக்கத்தில் ஓர் அம்மாள். நமக்கும் அவருக்கும் நடுவே துளைகள் போட்ட ஓர் அட்டைப் பெட்டி. உள்ளேயிருந்து 'கீச் கீச்' என்று ஒரே சங்கீதம். பல்லடம் பக்கத்துப் பொரிப்பகத்தில் முதல் நாள் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளாம், நூறு. மகளிர் குழுவில் கடன் வாங்கிய பணம். சென்ற தடவை கொண்டுபோனதில் முப்பதுக்கு மேல் வழியிலேயே போய்விட்டனவாம்.

"இரை, தண்ணீர்?" என்று கேட்டோம்.

"ரெண்டு நாளைக்கு வேண்டாமுங்க. மஞ்சள் கரு வயித்துக்குள்ளேயே இருக்குதுங்க. சூடுதான் வேணும்."

உண்மைதான். முட்டைக்குள் 21 நாள் சுமார் 37½ டிகிரி உஷ்ணத்தில் இருந்துவிட்டு வெளியே வரும் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரியாவது வேண்டும். உடம்பில் இருப்பது சிறகல்ல, வெறும் பஞ்சு. சொந்தமாக உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள இரண்டு வாரமாவது ஆகும். நாமோ ஆயிரம் அடியிலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தோம். ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி வீதம் குளிர் கூடும். கணக்கு வாத்தியாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

கல்லாறு பாக்குத் தோப்புகள் பின்னே போயின. பர்லியாறு தாண்டியதும் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று சில்லென்று வந்தது. கீச்சொலி பலத்தது. அம்மாள் கண்ணயர்ந்திருந்தார். நமக்கு இரக்கம் பொங்கிற்று. நம் கம்பளிச் சால்வையை எடுத்துப் பெட்டியின் மீது இழுத்துப் போர்த்தினோம். நம் பக்கத்து மூலையை இரட்டை மடிப்பாக மூடினோம். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. தூங்குகின்றன என்று எண்ணிப் பெருமையோடு மலைச் சரிவுகளை ரசித்துக்கொண்டு வந்தோம்.

குன்னூர் பஸ் நிலையத்தில் அம்மாள் திடுக்கிட்டு விழித்தார். அவரை எழுப்பியது பஸ் நின்றதல்ல, அந்த நிசப்தம். சால்வையை உருவி எறிந்து மூடியைத் திறந்தார். குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு இரைத்தன; பஞ்சு உடம்பு வேர்த்ததுபோல் நனைந்திருந்தது.

"துளையை மூடிட்டீங்களே ஐயா!"

அப்புறம்தான் விஷயம் விளங்கிற்று. பெட்டிக்குள் அடுப்பு அந்தக் குஞ்சுகளேதான். நூறு சிறு உடல்களின் வெப்பம் போதும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காதிருக்கத்தான் இருபத்தைந்து இருபத்தைந்தாக நாலு அறை. ஆனால் மூச்சுக்காற்றும் ஈரமும் வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் முதலில் புழுக்கம் கொல்லும். தப்பியவற்றை நனைந்த உடம்பில் படும் குளிர் கொல்லும். குஞ்சு பலமாகக் கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம். மெல்லப் பேசிக்கொண்டிருந்தால் சௌக்கியம். மௌனத்தைத்தான் நம்பக் கூடாது.

நாம் ஓடிப்போய் டீக்கடையில் இரண்டு பாட்டில்களில் வெந்நீர் வாங்கி வந்தோம். அம்மாள் அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியின் இருபுறமும் அணைத்து வைத்தார். காற்று வரும் பக்கம் மட்டும் சாக்கைத் தொங்கவிட்டார். அருவங்காடு, கேத்தி எல்லாம் வந்து போயின. நாம் ஒன்றையும் பார்க்கவில்லை. பெட்டியில் காதை வைத்துக்கொண்டே வந்தோம். பேச்சு மெதுவாகத் திரும்பிற்று.

உதகையில் இறங்கியதும் எண்ணினார். தொண்ணூற்றெட்டு. செத்த இரண்டும் நம் பக்கத்து மூலை அறையில் கிடந்தன. பணம் தர முயன்றோம், வாங்க மறுத்துவிட்டார். சால்வையை மட்டும், வெகுவாக வற்புறுத்திய பிறகு, எடுத்துக்கொண்டார். அதை நீளவாட்டில் நாலாக மடித்து, துளைகளுக்குக் கீழே பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸைத் தேடி நடந்தார்.