புகையும் சாட்சியும்

2025ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் பதினேழாம் நாள், மஃரிபுத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரம், டில்லியிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, நம்ம வண்டி ஓடலாமாம். இன்னைக்கு சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. ஓடலாம் என்று கூறப்பட்ட அந்த வண்டியை ஆறு மாதங்களுக்கு முன்னரே அவர் விற்றுவிட்டிருந்தார்.

ஜாமியா நகரில் குடியிருக்கும் அவர், 2015 மார்ச்சில் டீசல் கார் ஒன்று வாங்கினார். பதிவுச் சான்றில் பதினைந்து ஆண்டு செல்லும் என்று எழுதியிருந்தது. வாங்கிய மறு மாதமே, ஏப்ரல் 7ஆம் நாள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று ஆணையிட்டது. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதனையே வலியுறுத்தியது. ஆயினும் ஆணை ஏட்டில் இருந்த அளவுக்குத் தெருவில் இல்லை. 2025 ஏப்ரலில்தான், காற்றின் தரத்தைக் காக்கும் ஆணையம், வயது கடந்த வண்டிக்கு ஜூலை முதல் நாள் தொட்டு டில்லியின் எந்த நிலையத்திலும் எண்ணெய் ஊற்றலாகாது என்றது. வண்டியின் எண்ணைப் படித்து வயதைக் கண்டறியும் காமிராக்கள் பெட்ரோல் நிலையங்களில் நிறுத்தப்பட்டன.

மருமகன் அஞ்சினார். ஜூனில் ஒரு தரகர் வந்து சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார். ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த தடை, மக்களின் கூக்குரலால் ஒரு வாரத்துக்குள் நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர் மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அதனையும் திருத்தி, பாரத் ஸ்டேஜ் நான்கும் அதற்குப் பிந்திய தரமும் உடைய வண்டிகளுக்கே அந்தப் பாதுகாப்பு என்றது. பாரத் ஸ்டேஜ் என்பது, ஆலையிலிருந்து வெளிவரும் வண்டி எவ்வளவு நச்சுப் புகை விடலாம் என்னும் அளவுகோல். டில்லியில் 2010 முதலே நான்காம் தரம் கட்டாயம். ஆகவே 2015இல் வாங்கிய வண்டி குற்றமற்றதாயிற்று. ஆனால் அது இப்போது கிழக்கு உத்தரப் பிரதேசத்து ஊர் ஒன்றில் எவருடைய வாசலிலோ நிற்கிறது.

"வண்டி போனா போகட்டும் மாமா. ஆனா இங்கே விடக்கூடாதுன்ன புகையை அந்த ஊர்ப் பிள்ளைங்க குடிக்கலாமா? அதைக் கேட்க ஆளில்லை" என்றார் மருமகன். இக்கேள்வி என்னைத் தைத்தது.

உதுமானியப் பேரரசில் 1869 தொடங்கித் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்ட நூலின் முகப்பில் ஃபிக்ஹுப் பொதுவிதிகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் இரண்டு அடுத்தடுத்து நிற்பவை. ஒரு தீங்கை அதே போன்ற மற்றொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது இருபத்தைந்தாவது. பொதுமக்களுக்கு நேரும் தீங்கைத் தடுக்கத் தனி ஒருவருக்கு நேரும் இழப்பைத் தாங்கிக் கொள்ளலாம் என்பது இருபத்தாறாவது. பல ஆண்டுகளாக மாணவர்க்கு இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் சொல்லிக் கடந்திருக்கிறேன். டில்லியின் ஆணைக்கு இரண்டாவது விதி துணை நிற்கும். வண்டி விற்கப்பட்டு வேறு ஊருக்குப் போயிற்று என்ற இடத்தில் முதல் விதி எழுந்து மறிக்கிறது.

லண்டன் மாநகரம் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. 2019 ஏப்ரல் 8ஆம் நாள் நகரின் நடுப்பகுதியில் தொடங்கிய குறைபுகை மண்டலம், 2023 ஆகஸ்ட் 29 முதல் நகர் முழுமைக்கும் விரிந்தது. அங்கே கேட்கப்படுவது புகையின் தரம். பெட்ரோலுக்கு யூரோ நான்கு, டீசலுக்கு யூரோ ஆறு. எனவே 2006இல் வாங்கிய பெட்ரோல் கார் பெரும்பாலும் தாராளமாக ஓடும். 2014இன் டீசல் கார் நாள் ஒன்றுக்கு 12.50 பவுன் கட்ட வேண்டும். வண்டியை உடைக்கக் கொடுத்த குடிமக்களுக்குக் காருக்கு 2,000 பவுன் வரை உதவித்தொகையும் தந்தார்கள். நாற்பது ஆண்டு கடந்த வரலாற்று வண்டிகளுக்கு விலக்கு உண்டு. இவ்வளவும் எளிதில் நடந்ததன்று; கண்காணிப்புக் காமிராக்களைச் சினத்தில் வெட்டி வீழ்த்தியவர்களும் உண்டு. ஆனால் அந்நகரத்தில் எல்லா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, வாகனம் மிகுந்த சாலையின் அருகே வாழ்ந்து, 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் மரணத்துக்குக் காற்றின் நச்சும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி எழுத்தில் பதிவு செய்தார். அதன் பிறகு புகையை வெறும் தொல்லை என்று சொல்வது எவருக்கும் கடினமாயிற்று.

நிற்க. டில்லியையும் லண்டனையும் எடைபோடும் நான் பரவையில் என்ன செய்துகொண்டிருந்தேன்?

என் அத்தா 1997இல் வாங்கிய அம்பாசிடர் டீசல் வண்டி என்னிடம் உள்ளது. அத்தா மறைந்தபின் அதன் சாவி என் கைக்கு வந்தது. எங்கள் மாநிலத்தில் வயதுத் தடை இல்லை. பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால் போதும். 2022இல் 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்தேன். பரவையில் புறப்பட்டு, காய்கறி மார்க்கெட் லாரிகளின் நடுவே நுழைந்து, விளாங்குடி, பாத்திமா கல்லூரி, ஆரப்பாளையம் வழியாக மகபூப்பாளையத்துச் சந்து ஒன்றில் உள்ள மத்ரஸாவுக்கு அதில்தான் போய்வந்தேன். அந்தச் சந்தில் ஒரு வண்டி நின்றால் மறு வண்டிக்கு இடமில்லை. புகைக்கும் போக்கிடமில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை. இரண்டாம் ஜும்ரா மாணவன் ஒருவன் தோள்துண்டால் மூக்கைப் பொத்தியவாறே எனக்கு சலாம் சொன்னான். துண்டை எடுத்துவிட்டுச் சொல் என்றேன், சற்றுக் கடுமையாக. "ஹஜ்ரத், உங்க வண்டி வந்தா எனக்கு இழுப்பு வந்துரும்" என்றான். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் தலை கவிழ்ந்தார்கள். அவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்திருக்கிறது போலும்.

வண்டிக்குள் திரும்பிப் போய், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த புகைச் சான்றிதழைப் பார்த்தேன். எல்லாம் அளவுக்குள் இருப்பதாக அதில் அச்சிட்டிருந்தது. அதை எங்கே எப்படி வாங்கினேன் என்பது எனக்கு நினைவிருந்தது. வண்டியின் எண்ணை மட்டும் படம் பிடித்தார்கள். புகைக்குழலில் கருவி நுழையவே இல்லை. நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, நேரம் மிச்சம் என்று மகிழ்ந்து வந்தேன். காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்வது பெரும்பாவம் என்று பாடம் நடத்துகிறவன் நான். அந்தத் தாள் ஒரு சாட்சியம். அதனை விலைக்கு வாங்கியவனும் நானே.

வயதைக் கொண்டு வண்டியை ஒதுக்கும் சட்டம் நேர்மையற்றது என்று மருமகனுக்காக வாதாடி வந்தவன், அன்று என் வாதத்தின் ஓட்டையைக் கண்டேன். புகையை அளந்து தீர்ப்புச் சொல் என்று அரசிடம் கேட்க வேண்டுமானால், அளந்தவனின் சொல் நம்பத் தக்கதாக இருக்க வேண்டும். அது பொய்யானால், பதிவுப் புத்தகத்தில் பொய் சொல்ல இயலாத ஒன்றைத்தான் அரசு தேடும். ஆண்டு அப்படிப்பட்டது. நல்ல வண்டி வைத்திருந்த மருமகனின் இழப்பில் என்னைப் போன்றோர் வாங்கிய பொய்த் தாள்களுக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

மறுவாரம் வேறோர் நிலையத்துக்குப் போய், உண்மையாகச் சோதிக்கச் சொன்னேன். நின்ற நிலையில் ஆக்ஸிலேட்டரை முழுதும் பலமுறை அழுத்தி, குழலில் வரும் புகையின் கருமையை அளந்தார்கள். என்னுடையதைப் போன்ற பழைய டீசல் வண்டிக்கு உச்ச அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. வந்தது 88. விளாங்குடி மெக்கானிக் பம்ப்பையும் நாசில்களையும் கழற்றிச் சீர்செய்ய அனுப்பி, அடைத்துக் கிடந்த ஏர் பில்டரையும் மாற்றினார். "பாய், பத்து வருஷமா இதைத் திறந்து பார்க்கலையா?" என்று கேட்டார். விடை சொல்ல இயலவில்லை. பதினாலாயிரம் ரூபாய் ஆயிற்று. மறுமுறை சோதித்தபோது 61. சட்டப்படி தேறிவிட்டது, ஆனால் நான்காம் தரத்து டீசல் வண்டிக்கு விதித்த 50க்கு அது இன்னும் எட்டவில்லை.

இப்போது மத்ரஸாவுக்குப் பேருந்தில் போகிறேன். எண்பத்து நான்கு வயதான என் அம்மாவால் பேருந்துப் படி ஏறவும் இயலாது, ஷேர் ஆட்டோவில் குனிந்து நுழையவும் இயலாது. அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில் மட்டும் வண்டி வெளியே வருகிறது. 2027இல் பதிவு முடியும். இருபது ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. கட்டப் போவதில்லை. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்றால், புது வண்டியின் வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய அரசின் விதி இடம் தருகிறது. இரும்பின் எடைக்கு வரும் தொகை சொற்பமே.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் இந்த வண்டியைக் கேட்டு மூன்று முறை வந்துவிட்டார். அம்பாசிடர் 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. கிராமத்துச் சாலைக்கு இதற்கு நிகரில்லை என்கிறார். முதலில் நாற்பத்தைந்தாயிரம் சொன்னார். சென்ற வாரம் ஐயாயிரம் கூட்டினார். "உங்க அத்தா வண்டி பாய், நான் நல்லா வச்சுக்கிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி இறக்கத்தான்" என்றார். நல்ல மனிதர். தேநீர் கொடுத்து, இல்லை என்று சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்டார். கருத்த புகை படிந்த புகைக்குழலின் வாயில் விரலை வைத்துத் துடைத்து அவரிடம் காட்டினேன். அவர் தம் வேட்டி முனையை நீட்டி, என் விரலைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்.