இல்லாத கோபுரத்துக்கு நூல் பிடிப்பவர்கள்

க்ளூனியில் அந்தப் படிக்கட்டின் மேல் நிற்பவர்களை ஒரு நிமிடம் கவனித்தாலே போதும். முதலில் எதிரே பார்க்கிறார்கள். தரையோடு தரையாக நிற்கும் தூண் அடிப்பாகங்கள், அவற்றைத் தாண்டிக் குறுக்கே ஓடும் தெரு, தெருவுக்கு அப்பால் வீடுகள், வீடுகளின் தலைக்கு மேலே வெகு தொலைவில் ஓர் எண்கோணக் கோபுரம். பிறகு கையில் இருக்கும் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். மறுபடி கோபுரத்தைப் பார்க்கிறார்கள். முகத்தில் ஒரு குழப்பம். இந்தப் படிக்கட்டும் அந்தக் கோபுரமும் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவை என்று வரைபடம் சொல்கிறது. கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. கண்ணை ஒப்புக்கொள்ள வைக்கும் வேலையை 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சிறு கூட்டம் இந்த ஊரில் தொழிலாகவே செய்துவருகிறது. அந்தத் தொழிலைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், மாக்கோன் நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது க்ளூனி. மக்கள்தொகை ஐயாயிரத்தை ஒட்டி. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. ஆனால் 910இல் அக்விட்டேன் பிரபு வில்லியம் இங்கே நிறுவிய துறவியர் மடம், அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஐரோப்பா எங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளைப் பரப்பியது. மன்னருக்கும் கட்டுப்படாமல், வட்டார ஆயருக்கும் கட்டுப்படாமல், நேரடியாகப் போப்புக்கு மட்டும் பதில் சொல்லும் உரிமை அதற்கு இருந்தது. செல்வம் குவிந்தது. 1088இல் மடாதிபதி ஹ்யூ மடத்தின் மூன்றாவது தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினார். முடிந்தபோது அதன் நீளம் 187 மீட்டர், நடுக்கூடத்தின் வளைவுக் கூரை ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிய தேவாலயம் இல்லை.

இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

போர் இடிக்கவில்லை, நிலநடுக்கமும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தின் சொத்து அரசுடைமையானது. 1798இல் மாக்கோன் வணிகர்கள் அதை விலைக்கு வாங்கினார்கள். கல்லைக் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். நடுக்கூடத்தின் குறுக்கே ஒரு தெருவே போடப்பட்டது. சிற்பங்கள் செறிந்த முகப்பு வாயிலை 1810இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1823 வரை இந்த வியாபாரம் நடந்தது. ஆத்திரத்தில் இடித்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். கணக்குப் பார்த்து இடித்ததால் கால் நூற்றாண்டு பிடித்தது.

மிஞ்சியது குறுக்குக் கூடத்தின் தெற்குக் கை, அதன் மேல் 62 மீட்டர் உயரத்தில் ‘புனித நீர்க் கோபுரம்’, பக்கத்தில் சிறியதாக இன்னொரு கோபுரம். மற்றதெல்லாம் காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றில் கட்டுமானம் செய்பவர்கள்தான் நம் கதையின் தொழிலாளர்கள்.

அவர்களுடைய பட்டறை வேறெங்கும் இல்லை, மடத்துக்குள்ளேயே இருக்கிறது. 1901 முதல் மடத்தின் கட்டடங்களில் ‘ஆர்ஸ் எ மெத்தியே’ என்ற பொறியியல் கல்லூரி நடக்கிறது. துறவிகள் உலாவிய தாழ்வாரத்தில் இன்று இயந்திரவியல் மாணவர்கள் நடக்கிறார்கள். விசேஷ நாட்களில் சாம்பல் நிறத்தில் நீண்ட மேலங்கி அணிவது அவர்களுடைய வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் துறவிகளே திரும்பி வந்துவிட்டார்களோ என்று தோன்றும். 1990களின் தொடக்கத்தில் இக்கல்லூரி மாணவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினி உதவியோடு ஒரு வேலையில் இறங்கினார்கள். எந்திர உதிரிப் பாகங்களை வடிவமைக்கப் படித்த அதே முறையில், இடிந்துபோன தேவாலயத்தைத் தூண் தூணாகக் கணினியில் எழுப்பினார்கள். பழம் பெருமைமிக்க கட்டடம் ஒன்றை இப்படி மீட்டெடுத்த உலகின் முதல் முயற்சிகளில் அது ஒன்று. அந்த மாணவர்களில் ஒருவரான கிறிஸ்தியான் பேர் பிறகு அதே ஊரில் ஆய்வாளராகி, இந்தப் பணிக்கென ஒரு குழுவையே நடத்தினார். குழுவின் பெயர் ‘குன்ஸோ’.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. குன்ஸோ என்பவர் க்ளூனியில் நோயுற்றுக் கிடந்த வயதான துறவி. ஒரு நாள் கனவில் புனித பேதுரு, பவுல், ஸ்தேவான் மூவரும் வந்து, தரையில் கயிறு பிடித்து, வரப்போகும் தேவாலயத்தின் நீள அகலங்களை அளந்து காட்டினார்களாம். அவர் எழுந்து மடாதிபதியிடம் சொல்ல, வேலை தொடங்கியதாம். பழைய கையெழுத்துச் சுவடி ஒன்றில் அந்தக் காட்சி படமாகவே இருக்கிறது. படுக்கையில் துறவி, எதிரே கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும் புனிதர்கள்.

நம் கொத்தனார்கள் இதை ‘நூல் பிடிப்பது’ என்பார்கள். கட்டடம் என்பது முதலில் நூல், அப்புறம்தான் கல். இல்லாத ஒன்றை இருக்கிற தரையில் சரியான இடத்தில் நிறுத்துவது: துறவியின் கனவும் அதுதான், கணினிக் குழுவின் வேலையும் அதுதான். பெயர் வைத்தவருக்குத் தொழில் புரிந்திருக்கிறது.

2010இல் மடத்தின் 1,100ஆம் ஆண்டு வந்தது. அதையொட்டி இந்த மாதிரி வடிவம் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து ஊருக்குள் நின்றது. ‘ரே-ஆன்’ என்ற பெயரில் திரைகள் வைக்கப்பட்டன. ஒரு கம்பத்தின் தலையில் திரை, பிடித்துச் சுழற்ற வசதி. திரையை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்தில் அன்று என்ன இருந்ததோ அது தெரியும். எதிரே வெட்டவெளி, திரையில் ஐந்து வரிசையாகப் பிரிந்து உள்ளே போகும் தூண்காடு. திரையை லேசாக மேலே தூக்கினால் வளைவுக் கூரை. ஆக்மென்ட்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர்., என்கிறார்கள். தமிழில் மிகை மெய்ம்மை. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘திரை’.

ஏ.ஆர். என்ற பெயர் பிறந்த இடம் தேவாலயம் அல்ல, தொழிற்சாலை. போயிங் விமான நிறுவனத்தில் கட்டுக்கட்டாக மின்கம்பிகளைப் பலகையில் பொருத்தும் தொழிலாளர்கள், எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வழித்தடத்தைக் கண்ணாடி வழியாகப் பலகை மேலேயே காட்டிவிட்டால் என்ன என்று 1990களின் தொடக்கத்தில் டாம் காடெல் அங்கே யோசித்ததில் வந்தது இந்தச் சொல். 1997இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரின் குழு, கணினியை முதுகுப்பையில் சுமந்துகொண்டு வளாகத்தைச் சுற்றினால் கட்டடங்களின் பெயர்கள் கண்முன் மிதக்கும்படி செய்தது. ஏ.ஆர். நடைச் சுற்றுலாவுக்கு அதுதான் தாத்தா. பெல்ஜியத்தின் ஏனாம் என்ற சிற்றூரில், அதே காலத்தில், அகழாய்வுத் திடலை நோக்கி ஒரு கேமராவையும் திரையையும் நிறுத்தி, அஸ்திவாரத்தின் மேல் பழைய மடத்தை எழுப்பிக் காட்டினார்கள்.

இதில் கைத்தொழில் எங்கே வருகிறது? இரண்டு இடங்களில்.

முதலாவது, பொருத்துதல். கையில் பிடிக்கும் ஃபோன், தான் எங்கே நிற்கிறது என்பதை ஜி.பி.எஸ். மூலம் அறிந்தால் சில மீட்டர் பிசகும். நெருக்கமான சந்துகளில் இன்னும் மோசம். திசைகாட்டி பக்கத்தில் இருக்கும் இரும்புக்கு இழுபடும். எனவே கேமரா தன் முன்னால் உள்ள சுவர் விளிம்பு, ஜன்னல் மூலை போன்றவற்றைக் குறித்துவைத்து, அசைவை அளக்கும் உணரிகளோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறது. அப்படியும் சில இடங்களில் தூண் தரையை விட்டு ஒரு சாண் மேலே மிதக்கும். வேறொரு ஊரில், வேறொரு செயலியில், ஒரு கோட்டைக் கொத்தளம் என் முன்னால் ஆற்றுக்குள் நடந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். க்ளூனிக்காரர்கள் இந்தத் தலைவலியை எளிமையாக வெட்டிவிட்டார்கள். திரை நகராது, சுழல மட்டும் செய்யும். கம்பம் நிற்கும் புள்ளியை நில அளவைக்காரர் போல ஒரே ஒரு முறை துல்லியமாக அளந்துவிட்டால், அப்புறம் எத்தனை பாகை திரும்புகிறது என்பது மட்டுமே கணக்கு. தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து வேலை செய்பவருக்கு இது உடனே புரியும். புதுமை மோகத்தில் ஃபோனைக் கையில் திணிக்காமல் இருந்ததைத்தான் இவர்களுடைய பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

இரண்டாவது, தெரியாததை என்ன செய்வது என்ற கேள்வி. இதுதான் கடினமானது.

கல் அடுக்குபவர் கையில் கல் இருக்கும். இவர்கள் கையில் சான்று மட்டுமே இருக்கிறது, அதுவும் துண்டு துண்டாக. தெற்குக் கை நிற்கிறது. அதை லேசர் கருவியால் அளந்து வடக்குக் கைக்குக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பலாம். ஆனால் இடைக்காலக் கொத்தர்கள் இருபுறமும் அச்சாக ஒன்று போலக் கட்டியதாக யாரும் சத்தியம் செய்யவில்லை. இடிபடுவதற்கு முன் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியர் அழகுக்காகக் கொஞ்சம் இழுத்திருப்பார். அப்புறம் இருப்பது ஹார்வர்டு பேராசிரியர் கென்னத் ஜான் கானன்ட்டின் உழைப்பு. 1928இல் வந்தவர், இடையில் உலகப் போர் குறுக்கிட்டும் விடாமல், 1950 வரை ஊரின் பல இடங்களில் குழி தோண்டித் தோண்டி அஸ்திவாரத்தின் போக்கைக் கண்டுபிடித்தார். முழுத் தேவாலயத்தையும் காகிதத்தில் வரைந்து முடித்தார். இன்று தேவாலயத்தின் நெஞ்சைக் குறுக்கே வெட்டிப் போகும் தெருவுக்கு அவர் பெயர்தான். பிற்கால அகழாய்வுகள் அவருடைய வரைபடத்தில் சில இடங்களைத் திருத்தின. திருத்தம் வரும்போதெல்லாம் கணினி மாதிரியும் திருந்த வேண்டும். காகிதத்தில் அழிப்பது சுலபம். கணினியில் ஒரு தூணை அரை மீட்டர் நகர்த்தினால், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வளைவு, வளைவின் மேலுள்ள ஜன்னல், ஜன்னல் வழியாக விழும் வெயில் எல்லாமே நகரும்.

உடைந்த முகப்பு வாயிலின் கதை இதைவிட நுணுக்கமானது. வெடியில் சிதறிய துண்டுகள் கானன்ட் காலத்திலும் அதற்குப் பின்னும் மண்ணிலிருந்து வந்தன. விரல் அளவு மடிப்பு, ஒரு கண், பாதி இறகு. ஒவ்வொன்றையும் முப்பரிமாணத்தில் வருடி எடுத்து, எது எந்தத் தேவதையின் தோள், எது எந்த அப்போஸ்தலரின் ஆடை என்று பொருத்திப் பார்க்கிறார்கள். சில துண்டுகளில் ஒட்டியிருக்கும் வண்ணத் துணுக்குகளை வைத்து, வாயில் ஒருகாலத்தில் பளிச்சென்று வண்ணம் பூசப்பட்டிருந்தது என்றும் காட்டுகிறார்கள். நகர அருங்காட்சியகத்தில், பழைய மடாதிபதி ஒருவரின் 15ஆம் நூற்றாண்டு மாளிகையில், துண்டுகளையும் மீட்ட வடிவத்தையும் சேர்த்தே பார்க்கலாம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் நேர்மை. ‘இவ்வளவு எங்களுக்குக் கிடைத்தது, மீதி எங்கள் ஊகம்’ என்று சொல்லாமல் சொல்கிறது அந்த ஏற்பாடு. பல ஊர்களின் செயலிகள் இங்கேதான் வழுக்குகின்றன. சான்றுள்ள சுவரும் ஊகித்த சுவரும் ஒரே மெருகோடு மின்னினால், பார்ப்பவர் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுவார்.

திரையில் பார்த்ததை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் செலவிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மடத்தின் மாவுக்கிடங்கு. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மேல்தளத்தின் மரக்கூரை கவிழ்த்துப்போட்ட கப்பல் போல இருக்கும். பலிபீடத்தைச் சுற்றி நின்ற தூண்களின் தலைச்சிற்பங்கள், நம் சிற்பிகள் போதிகை என்பார்களே அந்த இடத்தில் இருப்பவை, அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றில் சொர்க்கத்தின் நான்கு ஆறுகள். இன்னொன்றில் வழிபாட்டுப் பாடலின் சுரங்கள் மனித உருவெடுத்து வாத்தியம் வாசிக்கின்றன. கல்லுக்கும் உருவத்துக்கும் நடுவே உளி விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கிறது. 900 ஆண்டுகளுக்கு முன் இதைச் செதுக்கியவரின் பெயர் யாருக்கும் தெரியாது. 1095இல் இதே தேவாலயத்தின் பலிபீடத்தை அர்ச்சித்த போப் இரண்டாம் அர்பனின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவரும் இந்த மடத்தில் துறவியாக இருந்தவர்தான்.

நடைச் சுற்றின் உச்சி, ‘பாலாடைக்கட்டிக் கோபுரம்’. மடத்து மதிலின் காவல் கோபுரம், பிற்காலத்தில் பாலாடைக்கட்டி உலர்த்தப் பயன்பட்டதால் வந்த பெயர். 120 படிகள். ஏறியதும் மூச்சு வாங்கும், முழங்கால் கொஞ்சம் முறுமுறுக்கும். மேலே ஒரு திரை இருக்கிறது. அங்கிருந்துதான் கீழே படிக்கட்டில் தொடங்கிய குழப்பம் தீர்கிறது. ஓடுகள் வேய்ந்த வீடுகள், மரங்கள், கல்லூரி, தூரத்துப் பச்சைக் குன்றுகள். திரையைத் திருப்பினால் வீடுகள் விலகி, ஊரின் நடுவே மலை போல அந்தத் தேவாலயம் படுத்திருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற சிறுவன் திரையையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாத்தா திரைப் பக்கமே திரும்பவில்லை. தன் தெரு எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கினால், தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் நெப்போலியன் காலத்தில் உருவான அரசுக் குதிரைப்பண்ணை வந்துவிடும். ராணுவத்துக்குக் குதிரை தேவைப்பட்டது, பக்கத்திலேயே மலிவாகக் கல் கிடைத்தது. திரையில் வானுயர எழும் சுவர்களின் கற்களில் ஒரு பங்கு, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, லாயத்துச் சுவர்களாக இங்கே நிற்கிறது. தெருவில் நின்றே தொட்டுப் பார்க்கலாம். அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டாம், சார்ஜ் போட்ட ஃபோனும் வேண்டாம்.